ஸரீனாவின் நாற்பது போன்கள்

தலைமன்னாரில், கடலைப் பார்த்த வீதியில், ஐஸ் கடைக்கு மேல்மாடியில் ஸரீனாவின் கந்தோர் இருக்கிறது. கந்தோர் என்றால் ஓர் அறைதான். ஒரு மேசை, ஒரு கதிரை, விடாமல் ஓடுகிற ஓர் ஏசி, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய அலுமாரி. அலுமாரிக்குள் நாற்பது போன்கள் சார்ஜர் குத்தியபடி வரிசையாகச் சாய்ந்திருக்கும். ஊரார் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை போன் திருத்துகிறது என்று தாங்களே முடிவு கட்டிவிட்டார்கள். திரை உடைந்த போன், கடலில் விழுந்த போன், எலி கடித்த வயர் எல்லாம் மாடி ஏறி வந்தன. முதல் வருடம் தொண்டை வறள விளக்கம் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் வருடம் பேசாமல் ஒரு சின்னத் திருப்புளி வாங்கி வைத்துக்கொண்டாள். வேறு என்னதான் செய்கிறது?

அவள் உண்மையில் பார்க்கிற வேலையைக் கேட்டால் நீங்களும் ஒரு கணம் வாயைப் பிளப்பீர்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்புகிற மென்பொருள் ஒன்றைக் கொழும்பில் ஒரு சின்ன நிறுவனம் செய்கிறது. அதை எழுதுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வரியை மாற்றினால் போதும், ஸரீனாவின் மேசைக்குக் கீழே இருக்கிற சேர்வர் அதைத் தானாகவே எடுத்து, முழு மென்பொருளையும் அடியிலிருந்து புதிதாகக் கட்டி, நாற்பது போன்களிலும் ஏற்றும். ஏற்றிவிட்டு ஒரு பொய்ப் புயலைக் கிளப்பும். எச்சரிக்கை போகும். பற்றரி சாகக் கிடக்கிற போன் அலறுகிறதா, திரை அணைந்த போன் அலறுகிறதா, ஏழு வருடத்துப் பழைய போன் அலறுகிறதா என்று ஒன்றொன்றாகப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் திரையில் பச்சை. ஒன்று பிழைத்தாலும் சிவப்பு. பச்சை விழுந்து, ஸரீனாவும் சரி சொல்லாமல் ஓர் எழுத்தும் வெளியே போகாது.

ஐந்து வருடமாகப் பார்த்தும் ஸரீனாவுக்கு இந்த அதிசயம் பழகவில்லை. கண்டியில் யாரோ ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டே ஒரு காற்புள்ளியைத் திருத்துவார். இங்கே நாற்பது போன்களும் ஒரே நேரத்தில் கண்விழித்து, கடல் கரையேறிவிட்டது போல அலறும். கீழே ஐஸ் உடைக்கிற அபூசாலி ஆரம்பத்தில் இரண்டு தரம் வீதிக்கு ஓடியிருக்கிறார். ஸரீனா மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பாள். மனிதன் களைத்துப்போய் நாளைக்குப் பார்ப்போம் என்று விடுகிற சோதனையை இது ஒரு நாளைக்கு நூறு தரம் செய்கிறதே, சுப்ஹானல்லாஹ் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அதிசயம் சும்மா ஓடாது, அதற்கு ஊழியம் செய்ய வேண்டும். உப்புக் காற்று போன்களின் சார்ஜர் துளையைப் பச்சை பிடிக்க வைக்கும். ஒவ்வொரு திங்களும் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பாள். பற்றரி வீங்கினால் உடனே மாற்றுவாள். கரண்ட் போனால் சேர்வர் மூச்சுத் திணறாமல் மெல்ல உறங்க வேண்டும், வந்தால் விட்ட இடத்திலிருந்து எழும்ப வேண்டும். அதையெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் செய்து வைத்திருந்தாள். இவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய நானா றிபாத், ஒரேயொரு கூடப்பிறந்தவன், அந்த மென்பொருளை நம்பித்தான் தினமும், இந்தியாவுக்கும் நமக்கும் நடுக்கடலில் கிடக்கிற மணல்திட்டுப் பக்கம் வள்ளம் விடுகிறான். முன்பு வானத்தைப் பார்த்துப் போனவன், இப்போது போனைப் பார்த்துப் போகிறான். போனில் பச்சை வட்டம் தெரிந்தால் அவனுக்குக் கடல் நல்லது.

மாசி மாதக் கடைசியில் சேர்வரில் ஒரு வியாதி தொடங்கியது. காலையில் எல்லாம் பச்சை. மத்தியானம், வெயில் ஏறி, கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற நேரம், ஒரு சிவப்பு. நாற்பதில் இரண்டு மூன்று போன்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராது. ஒரு நாள் எட்டாம் நம்பர், இன்னொரு நாள் பதினேழும் இருபத்திரண்டும். திரும்ப ஓட்டினால் எல்லாம் பச்சை. போனை மாற்றிப் பார்த்தாள், வயரை மாற்றிப் பார்த்தாள், ஏசியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

கொழும்பில் வேலையைப் பொறுப்பாகப் பார்க்கிற நிஷாந்தனுக்கு இது பெரிய கரைச்சல். பத்துப் பேருடைய வேலை ஸரீனாவின் சிவப்பில் முட்டிக்கொண்டு நின்றது. காரணம் சொல்லாமல் இரண்டாம் தரம் ஓட்டக்கூடாது என்பது ஸரீனா தானே போட்ட சட்டம். அதை நிஷாந்தன் மெல்ல மெல்லக் கரைத்தார். வெயிலில் போன் சூடேறுகிறதாக்கும், திரும்ப ஓட்டினால் சரிவருகிறதுதானே என்றார். ஸரீனாவும் களைத்துப்போய் ஒரு நாள் ஓமென்றாள். அன்றிலிருந்து சிவப்பு விழுந்தால் சேர்வர் தானாகவே இன்னொரு தரம் ஓட்டிக்கொண்டது. எல்லோருக்கும் நிம்மதி. அவளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இயந்திரம் ஏதோ சொல்ல வாயெடுக்கிறது, நான் கையால் பொத்துகிறேன் என்று உம்மாவிடம் சொல்லிக் கவலைப்பட்டாள். உம்மா அதற்கு, வேலையை விட்டுவிட்டுக் கலியாணத்தைப் பார் என்றார்.

சித்திரை பிறந்தது. மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று பிடிக்க முதல் புதிய பதிப்பை வெளியே விட வேண்டும், நாள் திங்கட்கிழமை என்று நிஷாந்தன் குறித்துவிட்டார். அதற்கு முந்திய வெள்ளி, ஸரீனா மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு காரியம் செய்தாள். பிழை மற்றவர்களுடையது என்று தேடினது போதும், இனி என்னுடையதைத் தேடுவோம் என்று, சேர்வரில் தான் எழுதி வைத்த துப்புரவு வரிகளை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கினாள். பழைய கோப்புகளை அழிக்கிற வரி, போனைத் துயிலெழுப்புகிற வரி, வேண்டாத குறுஞ்செய்திகளை வந்தவுடன் துடைக்கிற வரி என்று பதினொரு வரிகள். ஜும்மா முடிந்து, சாப்பாடும் முடிந்து, வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம் சிவப்பு விழுந்தது. பதினேழாம் நம்பர். ஓடிப்போய்க் கையில் எடுத்தாள். திரையில் ஒரு குறுஞ்செய்தி வந்து நின்றது. அவளுடைய பெருவிரல் அதைச் சர்ரென்று ஓரமாகத் தள்ளி அழித்துவிட்டது.

அழித்த பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் இப்போது எதை அழித்தேன்?

இந்தக் கரையில் பிறந்தவர் எவருக்கும் அது புதினமான செய்தியில்லை. கடல் அசையாமல் கிடக்கிற நாட்களில் அக்கரையில், இந்தியாவில் நிற்கிற போன் கோபுரத்தின் அலை தண்ணீருக்கு மேலால் வழுக்கிக்கொண்டு இங்கே வந்துவிடும். போன் நம்முடைய கோபுரத்தைக் கைவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். உடனே ஒரு செய்தி வரும்: இந்தியாவுக்கு உங்களை வரவேற்கிறோம். வீட்டு முற்றத்தில் நின்று மீன் வெட்டுகிறவளையும் வரவேற்கும், பள்ளிவாசலுக்குப் போகிறவரையும் வரவேற்கும். ஒருவரும் வாசிப்பதில்லை. மூக்கில் இருக்கிற இலையானைத் துரத்துகிற மாதிரி விரல் தானாகவே அழித்துவிடும். ஸரீனா அதோடும் நிற்கவில்லை. சோதனையின்போது சேர்வர் எடுக்கிற போன் திரையின் படங்களை அது மறைக்கிறதென்று, வந்தவுடன் துடைத்துவிடு என்று சேர்வருக்கும் கற்றுக்கொடுத்திருந்தாள். தடயத்தை அழிக்க ஆள் வைத்தது அவளேதான்.

மிச்சம் பத்து நிமிடத்தில் அவிழ்ந்தது. போன் எந்த நாட்டுக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது என்று மென்பொருள் பார்க்கிறது. வேறு நாடென்றால், ஆள் வெளிநாடு போய்விட்டார் என்று எச்சரிக்கைப் பட்டியலில் இருந்து பெயரை வெட்டுகிறது. மாசியில் புதிதாகச் சேர்ந்த அந்த வரி, ஒரு காலைப் பச்சையில் வெளியேயும் போயிருந்தது. சொந்தக்காரர் மென்பொருளை முழுதாக மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கும்வரை பெயர் சேராது, எடுத்துப் பார்த்தால் மட்டும் போதாது. சோதனை ஒவ்வொரு தரமும் புதிதாகத் திறப்பதாலும், அதற்குள் போன் நம்முடைய கோபுரத்துக்குத் திரும்பிவிடுவதாலும் இரண்டாம் ஓட்டத்தில் பச்சை. கடலில் இருக்கிறவன் எங்கே மூடித் திறக்கப் போகிறான்? அவனுடைய திரையில் கடைசியாக வந்த பச்சை வட்டம் அப்படியே நிற்கும். கொழும்பில் இருந்து எழுதியவருக்கு இந்தியா போவதென்றால் விமானம். மணல்திட்டில் வலை வளைக்கிறவன் ஒரு நாளைக்கு நாலு தரம் இந்தியா போய் வருகிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஸரீனா உண்மையான ஆட்களின் எச்சரிக்கைப் பட்டியலைத் திறந்தாள். இந்தக் கரையில் பதிந்திருந்தவர்கள் முந்நூற்றுப் பதினொரு பேர். பட்டியலில் மிஞ்சியிருந்தவர்கள் தொண்ணூறு பேர். றிபாத்தின் பெயரைத் தேடினாள். இல்லை. ஐம்பத்தொரு நாளாக இல்லை. ஐம்பத்தொரு நாளும் அவன் அந்தச் செத்த பச்சை வட்டத்தைப் பார்த்துத்தான் கடலுக்குப் போயிருக்கிறான்.

நிஷாந்தனை அழைத்தாள். "அண்ணா, திங்கக்கிழமை விட ஏலாது. நான் பச்சை குடுக்க மாட்டன்" என்றாள். என்ன நடந்ததென்று சொன்னாள், தன்னுடைய துடைக்கிற வரியையும் மறைக்காமல் சொன்னாள். "எங்கட ஆக்கள் கடல்ல நிக்கேக்க பேரை வெட்டிப்போட்டுது. என்ர நானாவும் அதில ஒராள்."

நிஷாந்தன், "அந்த வெட்டுற வரி நான் எழுதினது, ஸரீனா" என்றார்.

சனியும் ஞாயிறும் அவர் உட்கார்ந்து திருத்தினார். கோபுரத்தைப் பார்த்து எந்தப் பெயரையும் வெட்டக்கூடாது, ஒருவர் எச்சரிக்கையைக் கண்டேன் என்று அமத்தும்வரை விடாமல் அனுப்ப வேண்டும். ஸரீனா இரண்டாம் தரம் ஓட்டுகிற வசதியைப் பிடுங்கி எறிந்தாள். அழிந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தாள். நாலு போன்களை வேண்டுமென்றே அக்கரைக் கோபுரத்தில் பிடிக்க வைத்துவிட்டு, பொய்ப் புயலைத் திரும்பத் திரும்பக் கிளப்பினாள். செவ்வாய் மத்தியானம், இருபதாவது ஓட்டமும் ஒரு சிவப்பு இல்லாமல் முடிந்தது. பச்சை கொடுத்தாள்.

அடுத்த வியாழன் பகல் பதினொன்றரைக்கு உண்மையான எச்சரிக்கை வந்தது. யன்னலால் பார்த்தாள், கடலில் ஒரு சுருக்கமும் இல்லை. திரையில் பெயர்கள் ஓடின. றிபாத்தின் பெயருக்குப் பக்கத்தில் இந்தியா என்று கிடந்தது. அதற்குப் பக்கத்தில், போய்ச் சேர்ந்தது என்று விழுந்தது. அவள் படியிறங்கிக் கரைக்கு ஓடினாள்.

வள்ளங்கள் வந்தன, ஆட்கள் திட்டிக்கொண்டு வந்தார்கள். பாதி வலையை வெட்டிவிட்டு வந்தவர்கள், மீன் பாயும் நேரத்தில் வந்தவர்கள். போனையும் அதைச் செய்தவர்களின் பரம்பரையையும் சேர்த்து ஏசினார்கள். றிபாத் கடைசி ஆட்களில் ஒருவனாக வந்து, வள்ளத்தை இழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பொட்டுக் காற்றும் இல்லாமல் இதென்ன பகிடியா என்று தங்கச்சியிடம் பாய்ந்தான். ஸரீனா மேற்கே கடலைப் பார்த்தாள். தான் செய்தது பிழையோ என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

ஒன்றரைக்கு மேற்கே கடல் நிறம் மாறியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் வாய்மூட முதல் காற்று வந்து விழுந்தது. மணல் முகத்தில் அறைந்தது. ஐஸ் கடைக் கூரைத் தகரம் ஒன்று கழன்று வீதியில் உருண்டது. சற்றுமுன் வள்ளங்கள் நின்ற இடத்தில் தண்ணீர் எழும்பி நின்றது. அவ்வளவு பேரும் குடிசையோரம் ஒண்டிக்கொண்டு அதைப் பார்த்தார்கள். படைத்தவனே, இதற்குள்ளா நின்றோம் என்று யாரோ முணுமுணுத்தார்.

றிபாத் விரலை நீட்டிக் கரையில் கிடந்த வள்ளங்களை எண்ணினான். ஒரு தரம் எண்ணினான், நம்பாமல் திரும்பவும் எண்ணினான். விடியப் போன இருபத்தாறும் கிடந்தன. அவன் ஸரீனாவின் பக்கம் திரும்பினான். முகத்தில் இரத்தமே இல்லை.

"மீன் கிடக்கேக்க ஆர் வருவான் எண்டு நான் போன் கத்தினதைக் கேக்காத மாதிரி விட்டனான், தங்கச்சி. மூண்டு தரம் விட்டனான்" என்றான். "அது விடேல்லை."

ஸரீனா அவனுடைய நனைந்த சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அத்தனை ஆண்களுக்கும் முன்னால், வாய்விட்டு அழுதாள்.