வெறும் பெட்டி

எங்கள் வீட்டு முன்னறைதான் அக்காவின் பட்டறை. அங்கே அவள் அட்டைப்பெட்டி செய்கிறாள். ஒட்டி முடித்த ஒவ்வொரு பெட்டியையும் அடுக்கும் முன் திறந்து உள்ளே பார்ப்பாள். பார்த்தபடியே எங்கோ போய்விடுவாள்.

"இதுல மெழுகுவத்தி போகும். எந்த வீட்டுல ஏத்துவாங்களோ!"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வெறும் பெட்டிக்குள்ள அப்படி என்னத்தைத்தான் பாக்குறியோ!"

போன மழையில் அக்கா காய்ச்சலில் படுத்துவிட்டாள். குழந்தைகளுக்குச் செருப்பு தைக்கிறவர் முதலில் வந்தார், பின்னாலேயே மெழுகுவத்தி செய்கிற அம்மா. வாசலில் சரக்கு வண்டி காலியாக நின்றது.

"பெட்டி இல்லாம தெருவே நிக்குதும்மா" என்றார் வண்டிக்காரர்.

ரேடியோவில் யாரோ நாட்டின் வளர்ச்சியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். அதை அணைத்துவிட்டு, புலம்பிக்கொண்டே அட்டையை மடிக்க உட்கார்ந்தேன்.

முதல் பெட்டியை ஒட்டி முடித்ததும் கை தானாக அதைத் திறந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே ஏதோ ஒரு வீட்டின் கூடம். வெயில் விழுந்த தரையில் புதுச் செருப்பு போட்ட குழந்தை ஒன்று சுவரைப் பிடித்து எழுந்தது.

"சீக்கிரம் குடும்மா, வண்டி கிளம்பணும்" என்றார் செருப்புக்காரர்.

"இருங்கண்ணே, இப்பதான் சுவரை விட்டிருக்கு" என்றேன்.