பழைய நேரத்தில் பிறந்தவள்

போன ஞாயிற்றுக்கிழமை மீன் வெட்டி முடித்துவிட்டு, கையை டெட்டோல் சோப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் பத்து மணி வரைக்கும்தான் தண்ணீர் ஒழுங்காக வரும். அதனால் ஞாயிறு காலைகளில் யார் கோல் பண்ணினாலும் நான் போனை எடுப்பதில்லை. அன்றைக்கு ஆரணியின் பெயர் தெரிந்ததால் ஈரக் கையோடு எடுத்தேன்.

"அன்ரி, ஒரு விசர்க் கேள்வி கேக்கப்போறன். சிரிக்கக்கூடாது. நான் பிறக்கேக்க நீங்கள் கட்டியிருந்த மணிக்கூடு பழைய நேரமோ, புது நேரமோ?"

நான் சிரிக்கவில்லை. குழாயைப் பூட்டிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். ஆரணிக்கும் கம்பஸில் அவளோடு படித்த பொடியன் ஒருவனுக்கும் நாலு வருடப் பழக்கம். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். சாதகக் குறிப்பு மட்டும் பார்த்துவிடுவோம் என்று பொடியனின் தாயார் சொல்லியிருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் பன்னிரண்டு முப்பது என்று இருக்கிறது. அதைப் போனில் போட்டுப் பார்த்தால் ஆயிலியம் என்று காட்டுகிறது. அவளுடைய தாய் வனஜாக்கா வைத்திருக்கும் கையெழுத்துக் குறிப்பிலோ 'பன்னிரண்டு முப்பது, பழைய நேரம்' என்று எழுதி, மகம் என்று போட்டிருக்கிறது. ஆயிலியப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு பயம் இருக்கிறதே, உங்களுக்குத் தெரியாததா? மாமியாராக வரப்போகிறவர் யோசிக்கிறார்.

"நாலு மணிக்கு மாமி எங்கட வீட்டுக்கு வாறா. உங்களிட்ட நேரயே கேக்கோணுமாம். எனக்குப் பயமாக் கிடக்கு அன்ரி."

"நாலு மணிக்கு எடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். கையில் டெட்டோல் மணம். மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி மணம். எனக்கு வெள்ளவத்தையில் ஒரு மேல்வீட்டின் மணம்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தது அந்த வீடு. உப்புக் காற்றில் யன்னல் கொக்கி முதல் சேலை ஊசி வரை எல்லாம் துருப்பிடிக்கும். மேல்மாடியைப் பலகைத் தட்டி போட்டு மூன்றாகப் பிரித்திருந்தார்கள். முன்னறையில் வனஜாக்காவும் அவருடைய கணவர் சிவபாலன் அண்ணையும். அண்ணைக்கு ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்ட் ஒன்றில் கிளார்க் வேலை. நடு அறையில் நான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூன்றாவது அறையில் வீட்டுக்காரரின் உடைந்த கட்டில்கள். பலகைக்கு இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கமிருந்து வனஜாக்கா "நூறு வயசு" என்பார். அவ்வளவு மெல்லிய பலகை.

கீழ் வீட்டில் வீட்டுக்காரரின் மனைவி பரீதா லாத்தா. லாத்தா என்றால் அவர்கள் வழக்கத்தில் அக்கா. ஐந்து பிள்ளை பெற்றவர், எதற்கும் கலங்காதவர் என்று நான் நம்பியிருந்தேன்.

அந்தப் பழைய நேரம், புது நேரம் கதையையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரத் தட்டுப்பாடு என்று அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை அரைமணி முன்னுக்குத் தள்ளி வைத்திருந்த காலம் அது. சனங்கள் லேசில் விடுவார்களா? வடக்கில் சில பக்கங்களில் புது நேரத்தை ஒருவரும் எடுக்கவேயில்லை. கொழும்பிலும் சுவர் மணிக்கூடு புது நேரம், சாமியறை மணிக்கூடு பழைய நேரம் என்று வைத்திருந்த வீடுகள் உண்டு. கலியாண அழைப்பிதழில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'புதிய நேரம்' என்று அச்சடிப்பார்கள். அப்படியும் பாதிப் பேர் தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்து சேர்வார்கள். என் மணிக்கூடு புது நேரம்தான். ஒபிசுக்குப் போகிறவளுக்கு வேறு வழி?

அன்றைக்கு மாசி மாதத்துப் போயா, பௌர்ணமி நாள். எனக்கு லீவு. அண்ணையின் யார்ட்டுக்கு லீவு இல்லை. வனஜாக்காவுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் மூன்று கிழமை இருந்தது. காலையில் வயிறு பிடிக்கிறது என்றார். முதல்நாள் சாப்பிட்ட கொத்துரொட்டியின் மேல் பழியைப் போட்டோம். லாத்தா இஞ்சித் தேத்தண்ணியோடு மேலே வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மொதல் புள்ள மகள். ஒரு நாளைக்கு முந்தி வராது. எனக்கு அஞ்சும் ஒவ்வொரு நாள் எடுத்த."

அதை நம்பி வனஜாக்கா உடுப்புத் தோய்க்கப் போனார். நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வாளி உருளும் சத்தம். ஓடிப் போனால், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காலடியில் ஈரம். "வாளித் தண்ணியில்லையடி" என்றார். அதுவரை என்னை நீர் என்று மரியாதையாகக் கூப்பிட்டவர், முதல்தரம் அடி போட்டது அப்போதுதான்.

நான் கீழே ஓடி, ஒழுங்கை வாசலில் நின்ற திரீவீல்காரரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தைக் கொட்டினேன். "பபா எனவா! பபா எனவா!" பிள்ளை வருகிறது என்றுதான் சொன்னேன். அந்த மனிதர் சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஹரி, என்ட கியன்ட" என்றார். சரி, வரச் சொல்லுங்கள் என்று. ஏதோ ஒரு பிள்ளை பள்ளிக்கூடப் பையோடு படியிறங்கி வரப்போகிறது என்று நினைத்து, அரைமணிக்கு மேலாக வாசலில் காத்துக்கொண்டிருந்தார், பாவம்.

மேலே வந்தால் வனஜாக்கா நடையில் பாயில் கிடக்கிறார். லாத்தா கதவோடு ஒட்டி நிற்கிறார், கண் இரண்டையும் இறுக மூடிக்கொண்டு. ஐந்து பெற்றவர்தான். ஆனால் பெறுகிறவருக்கு அது கண்ணுக்குத் தெரியாது என்று எனக்கு அதுவரை உறைக்கவில்லை. அதோடு மனுசிக்கு இரத்தம் கண்டால் மயக்கம் வருமாம்.

"நான் இஞ்ச ஈக்கிறன் மகள். கைய டெட்டோல்ல களுவு. புள்ளய இளுக்க வாணாம், அது தானா வரும். நீ ஏந்தினாச் சரி."

படியால் இறக்கலாமா என்று கேட்க வாயைத் திறந்தேன். கேட்டு முடிக்க அவகாசம் இருக்கவில்லை. வனஜாக்கா என் மேற்கையை இறுக்கிப் பிடித்து ஒரு சத்தம் போட்டார். அடுத்ததற்குத் தலை. அதற்கடுத்ததற்கு, எண்ணெய் பூசின மாதிரி வழுக்கிக்கொண்டு முழுப் பிள்ளையும் என் கைக்குள். பெண்பிள்ளை. அழவில்லை. நீலம் பாரித்த நிறம். நானும் மூச்சு விடவில்லை.

"அளலயா?" என்றார் லாத்தா, கண்ணைத் திறக்காமல். "தொவாயால தொடச்சு முதுகத் தேய். நல்லாத் தேய் மகள். நல்லா!"

தேய்த்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். விகாரை ஒலிபெருக்கியில் பிக்குவின் பிரசங்கம் போய்க்கொண்டிருந்தது, கடற்கரைப் பக்கம் ஒரு ரயில் போனது, வனஜாக்கா "என்ன, என்ன, ஏன் சத்தமில்லை" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். நான் பிள்ளையைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தேன். செத்துப்போய்விட்டதென்றால் இந்த மனுசியின் முகத்தில் எப்படி முழிப்பது என்ற நினைப்பு ஒன்றுதான். பிறகு பிள்ளை ஒரு முறை இருமியது. இருமிவிட்டு, தெருமுனை வரை கேட்க அழுதது. லாத்தா அப்போதும் கண்ணைத் திறக்காமல் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். மூன்று பெண்களும் பிள்ளையும் சேர்ந்து நாலு பேராக அழுதோம்.

தொப்புள்கொடியை வெட்டத் தெரியாது. தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஒரே போர்வைக்குள் சுற்றி, கதிரையில் இருத்தி, அயல் வீட்டு ஆட்கள் தூக்கிப் படியிறக்கினார்கள். திரீவீல்காரர் போர்வைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். பாலத்தடிச் செக்பொயின்றில் மறித்த ஆமிக்காரப் பொடியன், ஐடென்ரிக் கார்ட்டைக் கேட்க வந்தவன், உள்ளே பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிவிட்டு "யன்ட, யன்ட" என்று வழிவிட்டான். களுபோவிலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, எல்லாம் ஆறின பிறகு ஒரு நேர்ஸ் மிஸி பேனையும் கையுமாக வந்து "வெலாவ கீயத?" என்று கேட்டார். என்ன நேரத்துக்குப் பிறந்தது?

என் கையில் மணிக்கூடு இருந்தது. நான் அதைப் பார்க்கவேயில்லை. கையில் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு நேரம் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பன்னிரண்டரை" என்றேன். எழுதிவிட்டார்.

அந்தப் பன்னிரண்டரை ஒரு கிழமைக்குப் பிறகு திரும்பி வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்தது. சிவபாலன் அண்ணையின் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து பஞ்சாங்கத்தோடு வந்து இறங்கினார். கெட்ட மனுசி என்று சொல்ல மாட்டேன். நல்லெண்ணெய், பத்தியச் சரக்குத் தூள் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தவர். பஞ்சாங்கத்தில் விரலை வைத்துக் கணக்குப் பார்த்தார். பழைய நேரப்படி பன்னிரண்டு இருபது வரைக்கும் ஆயிலியம், அதற்குப் பிறகு மகம். ஆஸ்பத்திரிப் பன்னிரண்டரை புது நேரம், அரைமணி கழித்தால் சரியாகப் பன்னிரண்டு.

"ஆயிலியம்" என்றார். பஞ்சாங்கத்தை மூடி மடியில் வைத்தார். பிறகு, "இந்தப் பிள்ளையை நாளைக்கு எந்த மாமி எடுப்பா? இன்னும் இருவது நிமிசம் பொறுத்துப் பெத்திருக்கலாம்" என்றார்.

பொறுத்துப் பெறுவதாம்! எனக்குச் சிரிப்பு வந்தது. தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தேன். வனஜாக்கா பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். பிள்ளைக்குத் தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல அவர் தலை குனிந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை. சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"அம்மா, நான் பாத்த மணிக்கூடு பழைய நேரம். நான் இன்னும் மாத்தேல்லை" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று இன்றைக்கும் தெரியாது. மனுசி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோட்டையில வேலை செய்யிறனீர், பழைய நேரமோ?" என்றார். "பழகிப்போச்சம்மா." பஞ்சாங்கத்தை மறுபடி பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்ப மகம். மாசி மகத்தில மகம்!" என்று பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தார்.

பொய்யைச் சொல்வது லேசு, கையில் கட்டிக்கொண்டு திரிவதுதான் பாடு. மனுசி நாலு மாதம் நின்றார். நாலு மாதமும் என் மணிக்கூடு அரைமணி பின்னுக்கு ஓடியது. காலையில் வேண்டுமென்றே "பிள்ளை, உம்மட மணிக்கூட்டில எத்தினை மணி?" என்பார். ஏழு என்பேன். சுவரில் ஏழரை. ஒபிசில் இரண்டு தரம் பிந்திப்போய் ஏச்சு வாங்கினேன். பஸ்ஸில் ஏறியதும் திருத்தி வைப்பதும், ஒழுங்கைக்குள் இறங்கும்போது மறுபடி பின்னுக்கு வைப்பதுமாகத் திருகித் திருகி, கடைசியில் அந்தத் திருகு கழன்று கையோடு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இதையெல்லாம் நினைத்துக்கொண்டு இருந்தபோது போன் அடித்தது. உண்மையைச் சொல்லிவிடுவோம், இந்த வயதில் என்ன பயம் என்றுதான் எடுத்தேன். மறுமுனையில் பொடியனின் தாயார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. எனக்கு மகன்ர சந்தோசம்தான் முக்கியம். ஆனா மனசு கேக்குதில்லை. உங்கட மணிக்கூடு பழைய நேரமோ?"

'பழைய' என்ற சொல்லை அழுத்தித்தான் கேட்டார். ஓம் என்ற ஒரு சொல்லுக்காக அந்தத் தாய் காத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"பழைய நேரம்தான்" என்றேன். "நான் கன காலமா மாத்தேல்லை."

"எங்கட அப்பாவும் கடைசிவரைக்கும் மாத்தேல்லை அக்கா!" என்று அவர் சிரித்தார். பின்னால் ஆரணி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நாள் குறிக்கும் கதை தொடங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வனஜாக்கா அந்தப் போனை வாங்கிக் குசினிக்குள் கொண்டுபோய் என்னோடு மெதுவாகக் கதைத்தார்.

"நீர் அண்டைக்கு மணிக்கூட்டப் பாக்கேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"எப்பிடியக்கா?"

"கிடந்த கிடையில எனக்குப் பாக்க உம்மட முகத்த விட்டா வேற என்ன இருந்தது? என்னையும் பிள்ளையையும் விட்டு உம்மட கண் ஒருக்காலும் அசையேல்லை."

இத்தனை வருடம் அந்தப் பொய்யை நான் தனியாகச் சுமந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வீட்டை இடித்துப் பன்னிரண்டு மாடி கட்டிவிட்டார்கள். லாத்தா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருடம் இருக்கும். அரசாங்கமும் தான் தள்ளிய நேரத்தை ஒருநாள் பழையபடி இழுத்து வைத்துக்கொண்டது. ஆரணிக்குப் பிறக்கப்போகும் பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறக்கும். நிமிடமும் செக்கனும் அதன் கையில் கட்டும் பட்டியில் இருக்கும், எல்லாருடைய போனிலும் இருக்கும், எல்லாப் போனிலும் ஒரே நேரமாக இருக்கும். நல்லதுதான், பிள்ளை சுகமாகப் பிறந்தால் போதும். ஆனால் இனி ஒருத்தி பாலைக் கொடுத்தபடி அழுதுகொண்டிருந்தால், பக்கத்து அறைக்காரி எடுத்துக் கொடுக்க ஓர் அரைமணி இந்த நாட்டில் எங்கேயும் இல்லை.