அக்காவுக்கு வாங்கிய ஹெட்போன்

புது ரெக்சினின் வாசனையும், அதற்குள் அடைத்த பஞ்சின் கதகதப்பும், காதை முழுக்க மூடியதும் தலைக்குமேல் கடகடக்கும் மின்விசிறி சட்டென்று அடுத்த தெருவுக்குப் போய்விட்டது போன்ற அந்த நிம்மதியும் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கின்றன. நான் எட்டாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்த ஹெட்போன் அது. அம்மா அதற்கு வைத்த பெயர் "காதுமூடி". என் ஆயுளில் நான் செய்த மகா கேவலமான காரியத்தை அதற்காகத்தான் செய்தேன் என்பதால் அதைப் பற்றி ஆசையாக எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் அது சுகமான ஹெட்போன் என்பதும் உண்மைதான்.

எங்கள் வீடு வடமாலபேட்டைக்குப் பக்கத்தில், ஒரு மாந்தோப்பின் ஓரத்தில் இருந்தது. அக்கா மாலதி திருப்பதியில் டிகிரி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்புக்கென்று நைனா ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டிருந்தார். அதில் அவள் பாட்டுக் கேட்பாள், நான் துப்பாக்கிச் சண்டை ஆடுவேன். இரண்டுமே நைனாவின் மத்தியானத் தூக்கத்துக்கு ஆகாது என்பதால் ஸ்பீக்கருக்குத் தடை விழுந்தது, இருவருக்கும் பொதுவாக ஒரு ஹெட்போன் வாங்கத் திருப்பதிக்குப் போனோம்.

கடையில் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். ஆட்டத்தில் எதிரி எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று காலடிச் சத்தத்தை வைத்தே சொல்ல வேண்டும், அதற்குத் தோதாக வாய்க்கு முன்னால் மைக் நீட்டிக்கொண்டு சிவப்பு விளக்கு எரியும் ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன். அக்காவுக்கோ வேறு கஷ்டம். அவள் ஜிமிக்கி போட்டிருந்தாள். சின்ன வட்டமாக இருந்தவை எல்லாம் காதை அழுத்தி, கம்மலின் திருகாணியைக் காதுக்குப் பின்னால் குத்தின. ஒவ்வொன்றாக மாட்டி, முகம் சுளித்துக் கழற்றி, கடைசியில் ஜிமிக்கியோடு சேர்த்து முழுக் காதையும் உள்ளே வாங்கிக்கொள்ளும் பெரிய கறுப்பு ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தாள். "செவிகி மெத்தகா உண்டுந்தி" என்று கடைக்காரரும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார். மெத்தென்று இருந்தது நிஜம், ஆனால் மைக் இல்லை. நான் அழ ஆரம்பித்தபோது நைனா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கட்டிக்கினு போற பொண்ணு கேக்குது, அத வாங்குவோம்" என்று முடித்துவிட்டார். திரும்பி வரும் பேருந்தில் அவள் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

ஆளுக்கொரு மணி நேரம் என்பது ஒப்பந்தம். அவள் தன் நேரம் முடிந்த பிறகும் "இந்த ஒரு பாட்டு பாப்பா, இந்த ஒரு பாட்டு" என்று இழுத்தடிப்பாள். நான் அவள் பின்னால் நின்று கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்.

அந்த வைகாசியில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சத்யவேடு பக்கம், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை, பெண்ணும் வேலைக்குப் போகட்டும் என்று சொன்னவராம். தரகர் கொடுத்த போட்டோவை அக்கா பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, படிக்கிற மாதிரி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் முறையாகப் பெண் பார்க்க வருமுன் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒருமுறை வந்து போவார்கள். புடவை கட்டி, பூ வைத்து, தட்டு ஏந்தி நிற்கும் பெண்ணை அவர்கள் நம்புவதில்லை. வீட்டில் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அம்மாவும் நைனாவும் தோப்பில் இருந்தபோது, இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்று சத்யவேட்டிலிருந்து வருவதாகவும் ஊறுகாய்க்கு நாலு மாங்காய் வேண்டும் என்றும் சொன்னார்கள். வழியெல்லாம் தோப்பாக இருக்க, நாலு மாங்காய்க்கு யார் அவ்வளவு தூரம் வருவார்கள்? எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அக்கா உள் அறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்துவிட்டு, பழைய நைட்டியில், விரித்த கூந்தல்மேல் துண்டு போட்டிருந்தாள். ஹெட்போன் அதற்குள் மறைந்திருந்தது. கரண்டு மிச்சம் என்று திரையை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டபடி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது மணி மூன்றே கால். மூன்று மணியிலிருந்து அது என்னுடைய நேரம்.

"ஏம்மா மாலதி" என்று மூத்தவள் கூப்பிட்டாள். இன்னொரு முறை உரக்கக் கூப்பிட்டாள். கையைத் தட்டினாள். அக்கா திரும்பவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு என்னைப் பார்த்தார்கள். "இன்னாம்மா, அக்காவுக்குக் காது கேக்காதா?"

பாட்டுக் கேட்கிறாள் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். நான் அதைச் சொல்லாமல், "எப்பவும் அப்டித்தான். தொட்டுத்தான் கூப்டணும்" என்றேன். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அவள் கல்யாணமாகிப் போனால் ஹெட்போன் தானாக என் கைக்கு வரும் என்கிற சின்னக் கணக்குகூட அந்தக் கோபத்தில் எனக்கு எட்டவில்லை. அவளுக்கு ஏதாவது கெடுதல் நடக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. "பாவம்" என்றாள் இளையவள். நாங்கள் வந்ததைச் சொல்லாதே என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, மாங்காயை மறந்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

சாயங்காலம் அக்கா கூந்தலைப் பின்னிக்கொண்டே, "மத்தியானம் யார்னா வந்தாங்களா பாப்பா?" என்று கேட்டாள். இல்லையே என்றேன்.

பத்து நாள் கழித்துத் தரகர் வந்து, பெண்ணுக்குக் காது மந்தமாமே என்று இழுத்தார். யார் சொன்னது என்று நைனா குதித்ததற்கு, விசாரித்ததில் தெரிந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டார். பேச்சு புத்தூர், நகரி வரைக்கும் போனது. அப்புறம் சோதனைகள் தொடங்கின. ஒரு புதுமனை விசேஷத்தில் எங்கள் சொந்த அத்தையே அக்காவின் முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தாம்பாளத்தை வேண்டுமென்றே கீழே போட்டாள். அக்கா தூக்கிவாரிப்போட்டுத் திரும்பியதும் பந்தியே அவளைப் பார்த்தது. பெண் பார்க்க வந்த இன்னொரு வீட்டார், அவள் காபித் தட்டோடு திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து மெல்ல "நீ பேரேமி?" என்று தெலுங்கில் கேட்டுப் பார்த்தார்கள். அவள் பெயரைச் சொன்னாள். அடுத்து தமிழிலும் கேட்டார்கள். நானும் கதவருகே நின்று வேடிக்கை பார்த்தேன்.

பொறுக்காமல் நைனா அவளைத் திருப்பதியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனார். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று எழுதி வாங்கி, அதை லேமினேட் செய்து, ஜாதகத்தோடு சேர்த்து வரன் வீட்டாருக்குக் கொடுத்தனுப்பினார். அதோடு எல்லாம் முடிந்தது. காது கேட்கும் என்று சர்ட்டிபிகேட் வைத்திருக்கும் பெண்ணை யார் கட்டுவார்கள்? கேட்கிற காதுக்கு எதற்குக் காகிதம் என்று கேட்டார்கள், கேட்டதில் தப்பும் இல்லை.

"இருக்கற பேச்சு போதாதுன்னு இத வேற மாட்டிக்கினு உக்காராத" என்று அம்மா சொன்னதும் அக்கா ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். அந்த வருஷம் முழுக்க நான் ஆடித் தீர்த்தேன். அடுத்த அறையில் அவள் அழுதிருக்கலாம். எனக்கு எதிரியின் காலடிதான் கேட்டது. குற்ற உணர்ச்சி வந்ததா என்றால், அப்போது வரவில்லை. வந்ததாக எழுதினால் அது பொய்.

ஆறு வருஷம் கழித்து அவளை ஏர்பேட்டில், முதல் மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கெட்டவர் இல்லை, பதினைந்து வயது மூத்தவர். படித்த படிப்பு சாணிக்கும் சமையலுக்கும் போய்விட்டது. இப்போது நான்தான் ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கிறேன். திருப்பதியில் அந்தக் கடை இருந்த இடத்தில் பொம்மை விற்கிறார்கள், தோப்பு வீட்டுமனையாகிவிட்டது, பெண்ணை வீடியோ காலில் பார்த்துவிடுவதால் யாரும் மாங்காய் கேட்டு வருவதில்லை.

போன மாதம் ஏர்பேட்டுக்குப் போயிருந்தபோது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கீரையை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும். அந்தம்மா கை தட்டறப்ப பாட்டு முடிஞ்சிடுச்சு. நைட்டியோட தல விரிச்சிக்கினு இருந்தேன், திரும்ப வெக்கம். அக்கா பாட்டுக் கேக்குதுன்னு நீ சொல்லிடுவேன்னு நெனச்சேன்" என்றாள். "அதான் சாயங்காலம் உன்னக் கேட்டேன். ஒரு வாரம் பார்த்தேன், நீயா சொல்லுவேன்னு. நான் சொன்னா நைனா உன் தோல உரிச்சிருப்பாரு. அப்புறம் ஊரு பூரா போயிடுச்சு, இன்னா சொல்லி இன்னா?"

கீரையைக் கழுவ எழுந்தவள், "உக்காரு, துன்னுட்டுப் போவே" என்றாள். உட்கார்ந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். என்னை மன்னித்துவிட்டாயா என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.