அப்பாவின் இடுப்பில் நான் ஊன்றிய கால்

நான் காலால் பிறந்தவன். தலை வரவேண்டிய இடத்தில் காலை நீட்டிக்கொண்டு வந்தேனாம். அதற்காக நான் ஒரு முயற்சியும் எடுத்ததில்லை. ஆனாலும் பனிச்சங்கேணியில் அது ஒரு பட்டம் மாதிரி. காலால் பிறந்தவன் மூன்று தரம் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கம் நம்பினார்கள். ஒன்பது வயதுக்குள் ஊரில் பாதிப் பேரின் முதுகில் ஏறி இறங்கிவிட்டேன். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு துண்டு கச்சான் அல்வா கிடைக்கும். கணக்குப் பாடம் வராவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று தைரியமாக இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா தோணியைத் தனியாகக் கரைக்கு இழுத்தபோது இடுப்பில் பிடித்துக்கொண்டது. முந்தின நாள்தான் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு களப்புத் தண்ணீரில் நடந்தவர். நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியாரின் எண்ணெய் பூசினார்கள். அம்மா நொச்சியிலை ஒத்தடம் கொடுத்தார். ஞாயிறு காலையிலும் நோ குறையவில்லை.

"வீட்டுக்குள்ள வைத்தியர வெச்சிக்கொண்டு எண்ணெய்க்கு ஏன் மச்சான் அலையிற?" என்று மாமா என்னை முன்னுக்குத் தள்ளினார்.

அப்பா தானாகவே நடந்துவந்து பாயில் குப்புறப் படுத்தார். இரண்டு தரம் மெல்ல மிதித்தேன்.

"நல்லா ஊண்டு மனே! கோழிக்குஞ்சு நடக்கிற மாதிரி நடக்காத."

மூன்றாம் தரம் குதிகாலை ஊன்றினேன். அப்பா கத்தினார். எழும்பப் பார்த்தவருக்கு இடது கால் வரவில்லை.

யாரும் எனக்கு ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை போலிருந்தது. மாமா தந்த அல்வாவைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய வேனில் நானும் ஏறினேன். பக்கத்து வீட்டு மாமியும் துணைக்கு வந்தார்.

"முள்ளந்தண்டுல கத்தி வெச்சா மனிசன் மறுகா தோணி தள்ளமாட்டான்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா அழுதார். அப்பாவை முடமாக்கியவன் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஓர் இளம் பெண். அப்பாவின் கால்களை ஒவ்வொன்றாக மடக்காமல் தூக்கிப் பார்த்தார். உள்ளங்காலில் கீறினார். சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று விசாரித்தார். பிறகு, "கால் எப்ப இருந்து விறைக்கிது?" என்றார்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தார்.

"அது மூணு கிழமையா இருக்கு டொக்டர். பொடியன் மிதிக்கிறதுக்கு முன்னமே."

"எந்தப் பொடியன்? என்னத்த மிதிச்சான்?"

எல்லாம் வெளியே வந்தது. மாமா கதவுப் பக்கம் நகர்ந்தார். டொக்டரின் ஏச்சு அவரைத் தேடிப் போனது.

"முள்ளந்தண்டு என்ன வயல் வரம்பா, ஏறி மிதிக்க?"

எலும்புகளுக்கு நடுவிலிருக்கும் சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி விளக்கினார். இப்போதைக்குக் கத்தி தேவையில்லை. குளிசை, கொஞ்ச நாள் கவனம், பிறகு பயிற்சி. கால் இன்னும் பலமிழந்தாலோ சிறுநீர் தடைப்பட்டாலோ உடனே ஓடிவரவேண்டும், ஒப்பரேசனை அப்போது யோசிக்கலாம் என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

பயிற்சித் தாளை என்னிடம்தான் தந்தார்கள். எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. காலையில் நான் வாசிக்க வாசிக்க, அப்பா பாயில் கிடந்து முழங்காலை மடக்கி நீட்டுவார். "மெல்ல வாசி மனே, கால் எட்டுதில்ல" என்பார். இரண்டு மாதத்தில் களப்புக்குப் போனார். தோணி இழுக்க மாமாவும் கூடப் போகவேண்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு.

அன்று அந்த அறையில் என் காதில் விழுந்தது 'முன்னமே' என்ற ஒரு சொல்தான். டொக்டர் காலைப் பற்றி மட்டுமே கேட்டார், மிதித்த கதையை அப்பா தானாகவே இழுத்துப்போட்டார் என்பது எனக்கு உறைக்கவில்லை. மூன்று கிழமையாக விறைத்த காலோடு ஒருவர் வியாழக்கிழமை என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு களப்பில் நடந்திருக்க முடியாது என்பதும் உறைக்கவில்லை. பையிலிருந்த அல்வாவை எடுத்து, அதில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தின்றேன்.