ஒற்றைக் காது அக்கா

டயர் கடை அக்காவுக்கு இடது காது கேட்காது. பல வருடங்களுக்கு முன் காற்றடிக்கும்போது ஒரு லாரி டயர் வெடித்து, அந்தக் காதைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து 'ஒற்றைக் காது' என்பதுதான் பட்டப்பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபிக்கமாட்டார். வலது பக்கம் வந்து கூப்பிடச் சொல்வார்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். இருபது வருடம் நைலான் டயரில் ஓட்டிய கை. அதில் நூல் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கே போகும். பக்கச்சுவர் விறைப்பாக நிற்கும். இந்த வருடம்தான் பள்ளியில் ரேடியல் போட்டுக் கொடுத்தார்கள். அதில் எஃகுக் கம்பிகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும். பக்கச்சுவர் வளைந்து கொடுப்பதால் திருப்பத்தில் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், சூடும் குறைவு. சரியான காற்றிலேயே லேசாகத் தொப்பை தெரியும்.

முன்பக்க டயர் ஒன்று கூடுதலாகத் தொப்பை போட்டபோதும், ரேடியல் என்றால் அப்படித்தான் என்று நான்கு நாள் ஓட்டினேன். காற்றை அளக்கும் மானி வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பார்க்கவில்லை. மேதாவி இல்லையா!

ஐந்தாம் நாள் காலை ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுத்தது. நேராகக் கடைக்கு விட்டேன். நாற்பது பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும்.

"அக்கா, காத்து மட்டும் அடிச்சு விடுங்க, ஓடிடறேன்."

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"நாலு நாள் இருக்கும்."

அக்காவின் முகம் மாறியது. ஜாக்கியை உருட்டி வந்தார். டயரைக் கழற்றி, உள்ளே உள்ளங்கையால் அங்குலம் அங்குலமாகத் தடவினார். ஆணி குத்திய ஓட்டையை அடைத்தார்.

"கைக்கு ஒண்ணும் தட்டுப்படல. ஆனா காத்து இல்லாம ஓடின டயர நம்பக் கூடாது தம்பி, உள்ள கம்பி நைஞ்சிருக்கும்."

டயரை, வெடித்தால் தடுப்பதற்கான இரும்புக் கூண்டுக்குள் நிறுத்தி, நீளமான குழாயை மாட்டி, பத்தடி தள்ளி நின்று வலது காதைக் கூண்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.

அக்கா பாய்ந்து வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "நகரு! உள்ள கம்பி அறுபடுது!"

எனக்குக் காற்று எந்திரத்தின் இரைச்சல்தான் கேட்டது. அக்கா காற்றை நிறுத்தி, இறக்கத் தொடங்கினார். அதற்குள் வெடித்தது.

தூசி அடங்கியதும் போய்ப் பார்த்தோம். பக்கச்சுவர் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து, எஃகுக் கம்பிகள் துடைப்பம் போல நீட்டிக்கொண்டிருந்தன. கட்டைவிரல் கனக் கூண்டுக் கம்பி ஒன்று வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. சற்று முன் என் முகம் இருந்த இடம் அது. இரண்டு காதும் நன்றாக இருக்கிற எனக்கு எட்டாத சத்தம், அத்தனை இரைச்சலிலும் அந்த ஒரு காதுக்கு எட்டியிருக்கிறது. பிரமித்துப்போய் நின்றேன்.

அக்கா ஸ்டெப்னியை மாட்டினார். மானி வைத்துப் பார்த்தார். "இப்ப போய்ப் பசங்கள ஏத்து."

"அக்கா, நீங்க இல்லன்னா நான்... அந்தப் புள்ளைங்க..."

திரும்பாமல் நட்டுகளைக் கடைசியாக ஒருமுறை இறுக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் நிற்பது இடது பக்கம் என்று உறைத்தது. சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய், பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.