வெள்ளை முக்காட்டுப் பெண்ணும் வாசலில் என் பையும்

மச்சான், நான் ரெண்டாம் கல்யாணம் முடிக்கப் போகல்ல. கடையில கண்டா என்னட்டக் கேட்டிருக்கலாமே, நேரா உன்ட ராத்தாட்டயா போய்ச் சொல்லுவாய்?

நடந்தது இதுதான். மகள் சித்திர டீச்சர். வகுப்பில் ஒட்ட ஒரு படத்தை என் போனுக்கு அனுப்பி, கல்முனையில் பெரிதாக அச்சடித்து வரச் சொன்னாள். வெள்ளை முக்காடு போட்டு, கண்ணைத் தாழ்த்திய இளம்பெண். அச்சுக் கடையில் இந்த மச்சான், என் மனைவியின் தம்பி, என் போனில் கண்டது அவளைத்தான். நேரே போய்த் தன் ராத்தாவிடம், அதாவது அக்காவான என் மனைவியிடம், சொல்லிவிட்டான்.

வீடு திரும்பினால், என் உடுப்பு, சாரன்களெல்லாம் ஒரு பையில் வாசலில் இருந்தன.

"இது என்ட உம்மா சீதனமாத் தந்த ஊடு. அவளோட எங்கயாவது போய் இரிங்க," என்றாள் மனைவி.

நல்லவேளை, மகள் வந்தாள்.

"உம்மா, அவ மௌத்தாகி மண்ணுக்குள்ள போய் ஐநூறு வருஷத்துக்கு மேல. பெல்ஜியம் பக்கத்து ஓவியர் ஒருத்தர் கீறின படம். கீறினதுல தன்ட பேரக்கூடப் போடாத மனிசன்."

மனைவி கண்ணாடி போட்டுப் பார்த்தாள். "முக்காட்டுல குத்தின ஊசியையும் கீறாம விடல்ல புள்ள!"

பை உள்ளே போனது. அல்ஹம்துலில்லாஹ்!

மூச்சு வந்ததும், "அந்தக் காலத்துல நான் இருந்திருந்தா..." என்று தொடங்கினேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உங்கள் வீட்டிலாவது ஒரு கதையை முழுதாகக் கேட்கிறார்களா?