ஒரு கடைக்கு ஒரே பாஸ்

கன்னத்து நுரையை வழித்துக்கொண்டே, கண்ணாடியில் தெரியும் முகத்திடம், “என்ன பாஸ், தாடையில ரெண்டு முடியை விட்டுட்டீங்களே” என்கிறார். பிறகு அவரே, “பாத்துக்கலாம் பாஸ்” என்று பதிலும் சொல்லிக்கொள்கிறார். கடையில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்துக்கொண்டு வீட்டில் கிடக்கும் மனிதர். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். முதல் நாள் மட்டும் என்னை ‘சிஸ்டர்’ என்றார். கால்மேல் கால் போடக்கூடாது என்று மறுநாள் அதட்டியதிலிருந்து நான் ‘கமாண்டர்’.

தண்ணீர்க் குழாய், வால்வு, மோட்டார் சாமான் விற்கிற கடை அவருடையது. வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில்தான் பட்டம் கட்டுவார். விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர் ‘சார்’. வாங்குகிறவர் ‘பாஸ்’. கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர் ‘சீஃப்’. சாமான் இறக்க வரும் லாரி டிரைவர் ‘கேப்டன்’. வாங்கிய வால்வைத் திருப்பிக் கொண்டுவந்து நியாயம் கேட்கிறவர் ‘ஜட்ஜ்’. எதையும் வாங்காமல் மேஜையில் சாய்ந்து கதை அளக்கிறவர் ‘மினிஸ்டர்’. குரலை உயர்த்துகிறவர் ‘டான்’. அப்படிக் கூப்பிட்டால் பாதிப் பேர் சிரித்து அடங்கிவிடுவார்களாம். “‘கிங்’ மட்டும் யாருக்கும் குடுக்கிறதில்ல கமாண்டர். குடுத்தா உள்ள வந்து உட்கார்ந்துடுவாங்க.”

வாடிக்கையாளர் எத்தனை பேர் வேண்டுமானாலும் பாஸ் ஆகலாம். அது செலவில்லாத உபசாரம். கடை ஆட்களுக்கு ஒரே பாஸ்தான். அதற்கு ஒரு சட்டமே வைத்திருந்தார்: மேஜைக்குப் பின்னால் இருக்கும் சுழல் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, அவரை ஆட்கள் பாஸ் என்றே கூப்பிட வேண்டும். கடைக்குத் தலை இல்லை என்று வருகிறவர்கள் நினைத்துவிடக்கூடாதாம். சட்டம் போட்ட நாளில், தன்னைத் தவிர வேறொருவர் அதில் உட்காருவார் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

இப்போது அதில் அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறார்.

விஷயத்தை அவிழ்த்துவிட்டவர், இவரைப் பார்க்க வீட்டுக்கு வந்த கடை ஆள் ‘சுருட்டை’. ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, “பாஸ் சொன்னாங்க, பழைய சரக்கையெல்லாம் முன்னாடி எடுத்து வெச்சிட்டோம்” என்றார். “நான் எப்படா சொன்னேன்?” என்றார் இவர். சுருட்டை பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

அந்தப் பாஸ் தன் மனைவிதான் என்று புரிந்த அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை நோயாளியை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். பசியைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். வெந்நீர் சூடு போதவில்லை, தலையணை கல்லாக இருக்கிறது, மனைவி கட்டிக்கொண்டு போன புடவை கடைக்குப் போகிற புடவையா என்று ஒவ்வொன்றிலும் குற்றம். ஒரு மதியம் என் கைப்பேசியைக் கேட்டு வாங்கினார். குரல் தெரியாமலிருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போன் போட்டு, “ஒண்ணரை இன்ச் வால்வு இருக்குதுங்களா?” என்றார். அந்தப் பக்கம் சுருட்டை, “இருங்க சார், பாஸைக் கேட்டுச் சொல்றேன்” என்றது எனக்கே கேட்டது. தூரத்தில் அந்த அம்மாளின் குரல், ரெண்டு வகை இருக்கிறது, எது வேண்டுமென்று கேள் என்றது. இவர் இணைப்பைத் துண்டித்துக் கைப்பேசியைத் திருப்பித் தந்தார். மூக்கு சிவந்திருந்தது. பிடித்த பிடி அப்படி.

மாலை மனைவி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“ஆளுங்ககிட்ட ‘மேடம்’னு கூப்பிடச் சொல்லேன். அதுவும் மரியாதைதானே.”

“சொல்லிப் பார்த்தேங்க. மேடம்னா ஒவ்வொருத்தனும் மூணு தடவை விலை பேசறான். வீட்ல ஆம்பள இல்லையான்னு வேற கேக்கறான். பாஸ்னா எடுத்துட்டுப் போயிடறான்.”

“அப்ப நான் வந்தா?”

அந்த அம்மாள் கால்விரல்களை நீவிவிட்டுக்கொண்டார். “வாங்க, பாத்துக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ‘உங்க இடம் உங்களுக்குத்தான்’ என்று ஒரு வார்த்தை வரும் என்று இவர் காத்திருந்தார். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம்தான் வந்தது.

மறுநாள் காலை, நான் போவதற்கு முன்பே நான்கு கால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். படுக்கையறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து வாசல். கெஞ்சியும் மிரட்டியும் என்னால் நடக்க வைக்க முடியாத மனிதரைப் பொறாமை நடக்க வைத்தது. வலித்தால் நிறுத்தச் சொன்னேன். வலிக்கவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நடைச்சட்டம் போய்க் கைத்தடி வந்தது. கடைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே வாடகைக் கார் பிடிக்கச் சொல்லிவிட்டார். கஞ்சி போட்ட சட்டை. சீவின தலையை இரண்டாவது முறை சீவினார். துணைக்கு நானும் காரில் ஏறிக்கொண்டேன்.

கடையில் நல்ல கூட்டம். அவரைப் பார்த்ததும் மனைவி எழுந்து, “வாங்க, உட்காருங்க” என்று நாற்காலியைத் திருப்பிவிட்டார். இவர் மேஜையைச் சுற்றி வரவேண்டிய தூரம் கொஞ்சம்தான். அதற்குள் தோளில் குழாய்த் துண்டோடு நின்ற ஒருவர், “பாஸ், இந்த மரைக்கு எந்த ஜாயின்ட் சேரும்?” என்றார். “காட்டுங்க” என்று இவர் கையை நீட்டினார். கேட்டவர் இவரைப் பார்க்கவே இல்லை. குழாய் அந்த அம்மாளின் கைக்குப் போனது. அவர் கட்டைவிரலை உள்ளே விட்டு மரையின் திருகு வரிகளைத் தடவிப் பார்த்தார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். மனைவியின் வாயிலிருந்து ஒரே ஒரு தப்பு விழாதா என்று காத்திருந்த முகம் அது. தப்பு விழவில்லை. அந்த அம்மாள் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்ல, சுருட்டை எடுத்துக்கொடுக்க, சாமான் கச்சிதமாகச் சேர்ந்தது. “தேங்க்ஸ் பாஸ்” என்றுவிட்டு வந்தவர் விலை பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த அம்மாள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். நாற்காலி காலியாக இருந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம், வாங்க வருகிறவர்கள் உட்காரும் உயரமான முக்காலி ஒன்று கிடந்தது. இவர் இரண்டையும் பார்த்தார்.

“சுத்தற நாற்காலி ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எலும்பு கூடிவரும் நேரத்தில் சுழல் நாற்காலி ஆகாதுதான் என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை. மனைவி உட்கார்ந்தார். அடுத்த ஆள், “பாஸ்…” என்று ஆரம்பித்தார்.

இவர் கைத்தடியை நீட்டி, மேஜைமேல் மனைவியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைத் தடியின் நுனியால் தள்ளித் தள்ளித் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.